மேலிடத்து அனுமதி

"இது டிவியா, கிரைண்டரா? காலையிலேர்ந்து சுத்துதே தவிர மாவு ஒண்ணும் விழக் காணோம்" என்றாள் வடிவாம்பாள்.

ஐம்பத்தைந்து இஞ்ச் டிவியின் நடுவே ஒரு வெள்ளை வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. அவள் கணவர் குற்றாலலிங்கத்தின் மடியிலிருந்த லேப்டாப்பில் அதன் குட்டி போல இன்னொரு வட்டம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்ததில் அவருக்கே லேசாகக் கிறுகிறுத்தது. கடைசியில் டிவி 'கருவி கிடைக்கவில்லை' என்று கையை விரித்தது. லேப்டாப்பின் மூலையில் பச்சைக் கேடயம் ஒன்று எழும்பி, 'பாதுகாப்பு கருதி இந்தச் செயல் தடுக்கப்பட்டது' என்றது.

"வீடியோ என்னோடது. லேப்டாப் என்னோடது. டிவியும் என்னோடது. நடுவுல தடுக்கதுக்கு இவன் யாரு?"

"யாரைச் சொல்லுதிய?"

"இந்தச் செக்யூரிட்டி சாஃப்ட்வேரைத்தான்."

"நல்லதுக்குத்தானே திவ்யா போட்டுக் குடுத்தா?"

அது உண்மைதான். மகள் திவ்யலட்சுமி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஓணத்துக்கு வந்திருந்தபோது அப்பா செய்துவைத்திருந்த காரியம் அவள் காதுக்கு எட்டியது. 'இன்று மாலைக்குள் உங்கள் வீட்டுக் கரண்டைத் துண்டிப்போம்' என்று எவனோ அனுப்பிய மெசேஜை நம்பி, அதிலிருந்த லிங்கையெல்லாம் அமுக்கி, போனில் கூப்பிட்டவனிடம் ஓ.டி.பி.யின் முதல் நாலு எண்ணைச் சொல்லியும்விட்டார். மீதி இரண்டைச் சொல்வதற்குள் கரண்டே போய்விட்டது; துண்டித்தபின் என்ன பேச்சு என்று போனை வைத்துவிட்டார். அந்த ஒரு கரண்ட் கட்டினால் பிழைத்த குடும்பம் அது. திவ்யா தலையில் அடித்துக்கொண்டு லேப்டாப்பில் இந்தக் கேடயத்தைப் போட்டுவிட்டுத்தான் ரயில் ஏறினாள்.

இதுவரை கேடயத்தால் அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இந்த வாரம் பார்த்து அது குறுக்கே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த வீடியோ டிவியில் ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் குற்றாலலிங்கம் சாம்பசிவனிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சாம்பசிவன் அடுத்த வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற காலேஜ் வாத்தியார். திருவனந்தபுரம் வலியசாலையில் அந்தத் தெரு வீடுகளெல்லாம் ஒட்டிப் பிறந்தவை. இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். இவர் வீட்டில் தும்மினால் அவர் வீட்டிலிருந்து 'நூறாயுசு' என்று குரல் வரும். ஓணம் வரைக்கும் இந்த வீட்டுச் சாம்பார் அங்கே போவதும், அந்த வீட்டு எரிசேரி இங்கே வருவதுமாக இருந்தது. அதன் பிறகு ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரி பதவி காலியாயிற்று. இருவருக்கும் ஒரே நேரத்தில் பொதுச்சேவை எண்ணம் வந்தது. சாம்பார் நின்றுபோயிற்று.

சாம்பசிவன் 'சுத்தமான தெரு, சுகமான வாழ்வு' என்று நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தார். குற்றாலலிங்கம் நோட்டீஸ் அடிக்கவில்லை. வாசலுக்கு மேலே ஒரு கேமரா மாட்டினார். போன செவ்வாய்க்கிழமை காலை ஐந்து நாற்பத்திரண்டுக்கு அந்தக் கேமராவில் ஒரு காட்சி விழுந்தது. மடித்துக் கட்டிய வேட்டியோடு சாம்பசிவன் வெளியே வருகிறார். இடது பக்கம் பார்க்கிறார். வலது பக்கம் பார்க்கிறார். எதிரே இருக்கும் காலி மனைக்குள் ஒரு வெள்ளை கவரை வீசிவிட்டு, சுத்தமான தெரு வழியாகச் சுகமாக வீட்டுக்குள் போகிறார்.

இதைக் குற்றாலலிங்கம் பதினோரு தடவை பார்த்தார். பன்னிரண்டாவது தடவை பார்ப்பதற்குள் அசோசியேஷன் கூட்டம் வந்துவிட்டது. அங்கே எழுந்து நின்று, "தெருவுல குப்பை போடுத மகான் யாருன்னு வர்ற ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு என் வீட்டு டிவில காட்டுதேன். காட்டலேன்னா நான் போட்டியிலேர்ந்து விலகிக்கிடுதேன். எல்லாரு முன்னாலயும் மன்னிப்பும் கேக்கேன்" என்றார். சொல்லும்போது சாம்பசிவனைப் பார்க்கவில்லை. அதனாலேயே எல்லாரும் சாம்பசிவனைப் பார்த்தார்கள்.

சாம்பசிவன் சிரித்தார். "பேஷா வரேன் ஓய். வடை உண்டோன்னோ?"

லேப்டாப்பிலேயே காட்டிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். கமிட்டியில் ஐந்து பேர். சராசரி வயது எழுபது. இரண்டு பேர் கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருப்பவர்கள். லேப்டாப் திரையில் சாம்பசிவனின் முகம் கடுகளவு. டிவியில்தான் அது பூசணிக்காய் அளவுக்கு வரும், மூக்கின் மேலுள்ள மச்சம் உட்பட.

குற்றாலலிங்கம் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கேடயத்தை மறுபடி பார்த்தார். தடுத்த செய்தியின் கீழே சின்னதாக இன்னொரு வரி இருந்தது. 'அனுமதி கோர இங்கே அமுக்கவும்.'

அமுக்கினார். 'காரணம்' என்று தலைப்பிட்டு ஒரு கட்டம் திறந்தது.

அவர் முகம் மலர்ந்ததை வடிவாம்பாள் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை.

"என்ன சிரிக்கிய?"

"கம்ப்யூட்டரும் நம்ம ஆபீஸ் மாதிரிதான்ட்டி. காரணம் எழுதி மேல அனுப்பணும். இதைத்தான் இவ்வளவு நேரம் எனக்கு எவனும் சொல்லல."

முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க ஆபீஸில் செக்‌ஷன் ஆபீசராக இருந்தவர் அவர். காரணம் எழுதுவதில் அவருக்கு நிகர் மாவட்டத்தில் கிடையாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

'பொருள்: வீட்டு லேப்டாப்பிலிருந்து வீட்டு டிவிக்கு வீடியோ அனுப்ப அனுமதி கோருதல் தொடர்பாக. மேற்படி வீடியோ, எதிரிலுள்ள காலி மனையில் அடுத்த வீட்டுத் திரு. சாம்பசிவன் குப்பை எறிவதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டுவதாகும். எறியப்பட்ட வெள்ளை கவர் மனையின் வடகிழக்கு மூலையில் இன்னமும் கிடக்கிறது. வரும் ஞாயிறன்று கமிட்டி முன்பு திரையிட வேண்டியிருப்பதால், அவசரம் கருதி ஆவன செய்யும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.'

அனுப்பினார். 'உங்கள் கோரிக்கை அனுப்பப்பட்டது. அனுமதிக்காகக் காத்திருக்கிறது' என்று வந்தது.

"யாருக்குப் போவுது?" என்றாள் வடிவாம்பாள்.

"மேலிடத்துக்கு."

"மேலிடம்னா?"

"மேலிடம்னா மேலிடம்தான். அங்க யாரு இருக்காங்கன்னு கேக்கப்பிடாது. அனுப்பிட்டுக் காத்துக்கிட்டு இருக்கணும்."

மறுநாள், செவ்வாய்க்கிழமை காலையில் பால் எடுக்க வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எதிர் மனையில் மண்வெட்டியோடு இரண்டு ஆட்கள். புதர் வெட்டியாயிற்று, தரை சுரண்டியாயிற்று. வடகிழக்கு மூலையில் கவரும் இல்லை, கவரின் வாசனையும் இல்லை. அங்கே ஒரு செம்பருத்திக் கன்றை நட்டு, சாம்பசிவன் தன் கையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எட்டு மணிக்கு அந்தப் படம் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்குக் கீழே நாற்பத்தொரு கும்பிடு.

"அவருக்கு எப்படி இன்னிக்குன்னு பாத்து ஞானோதயம் வந்தது?" என்றார் குற்றாலலிங்கம்.

"நோட்டீஸ் அடிச்சவர் செய்யாண்டாமா? நீங்க கேமரா மாட்டினிய. அவரு செடி நடுதாரு."

தடயம் போயிற்று. போனால் என்ன, சாட்சி இருக்கிறதே. வீடு வீடாகப் பிளாஸ்டிக் கழிவு சேகரிக்க வரும் சரசம்மா, அன்று காலை தெருமுனையில் நின்று அந்தக் கவர் பறந்ததைக் கண்ணால் பார்த்தவள். அதை அவளே சொல்லி வடிவாம்பாளிடம் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறாள். குற்றாலலிங்கம் லேப்டாப்பைத் திறந்தார். கோரிக்கை இன்னும் காத்துக்கொண்டிருந்தது. அதனால் அவருக்குக் கோபமே வரவில்லை. ஒரே நாளில் அனுமதி வந்திருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பார்.

'முந்தைய கடிதத்தின் தொடர்ச்சியாக' என்று இரண்டாவதைத் தொடங்கினார். 'மேற்படி நபர் இன்று தடயத்தை அகற்றிவிட்டார். ஆயினும் நேரடிச் சாட்சியாகச் சரசம்மா என்பவர் உள்ளார். ஞாயிறன்று அவரையும் ஆஜர்படுத்த உத்தேசம்.'

புதன்கிழமை சரசம்மா வந்தாள். கையில் கழிவுச் சாக்கு. மறு கையில் பளபளவென்று ஒரு தூக்குவாளி.

"சரசம்மா, ஞாயித்துக்கிழமை நாலு மணி. மறக்காண்டாம்."

"என்னத்துக்கு சாரே?"

"நீ கண்டதைச் சொல்லதுக்கு."

"நான் ஒண்ணும் கண்டில்லல்லோ சாரே. அன்னைக்கு மஞ்சு. கண்ணும் பிடிக்கல்ல."

"திருவனந்தபுரத்துல என்னைக்கு மூடுபனி பெய்ஞ்சுது? வடிவுகிட்ட நீதானே சொன்னே?"

"அது வேற யாரையோ பத்தியாக்கும்" என்று அவள் தூக்குவாளியை முந்தானையால் மூடினாள். மூடுவதற்குள் ஏலக்காயும் பாலும் கலந்த வாசனை அவர் மூக்கில் ஏறிவிட்டது. அந்தப் பாயசம் எந்த வீட்டு அடுப்பில் இறங்கியது என்பது அவருக்குத் தெரியாதா? ஓணம் வரைக்கும் அவரும் குடித்ததுதானே.

அன்று சாயங்காலம் குற்றாலலிங்கம் பொதுச் சுவரில் காதை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றார்.

"பல்லி மாதிரி என்ன அங்க?" என்றாள் வடிவாம்பாள்.

"சத்தம் போடாதே. நாம பேசுதது எல்லாம் அந்தப் பக்கம் கேக்குது. இனிமே இந்த வீட்டுல ரகசியமாத்தான் பேசணும்."

"எனக்கு ரகசியமாப் பேச வராது. எங்க வம்சத்துலயே கிடையாது."

"அப்போ பேசாதே."

முப்பத்தாறு வருஷத்தில் முதல் முறையாக அந்த வீட்டில் இரண்டு மணி நேரம் அமைதி நிலவியது. அடுத்த வீட்டிலிருந்து சாம்பசிவனின் மனைவி அனந்தலக்ஷ்மி பதறிப்போய், "வடிவு, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

சுவரில் பயனில்லை என்றதும் சந்தேகம் வைஃபை மேல் திரும்பியது. சுவரைத் தாண்டிப் போகிற சமாச்சாரம் அதுவும்தானே. ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றினார். பேரையும் மாற்றினார். மாற்றியதைச் சுவர் கேட்காதபடி மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். காலையில் எழுந்தபோது அது மனசுக்குள் இல்லை. டிவிக்கு நெட் போயிற்று. வடிவாம்பாள் பார்க்கும் சீரியலில் மருமகள் விஷப் பாலை மாமியார் கையில் கொடுக்கும் இடம். அவள் இனி ரகசியமாகப் பேசுவதாக இல்லை.

"அந்தம்மா குடிச்சாளா இல்லையான்னு எனக்கு இப்பவே தெரியணும். வீட்டுல ஒரு குப்பைப் படம் ஓட்டதுக்காக ஓடிக்கிட்டிருந்த டிவியையும் கெடுத்தாச்சு. யாரையாவது கூப்பிடுங்க!"

யாரையாவது என்றால் தம்பானூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஷிபு. நாற்பது தாண்டிய ஆள். தொப்பை சட்டைப் பொத்தானோடு நித்திய யுத்தத்தில் இருக்கும். வியாழக்கிழமை மத்தியானம் வந்தார். ரவுட்டரின் பின்னால் குண்டூசியைக் குத்தி அரை மணியில் டிவிக்கு உயிர் கொடுத்தார். மாமியார் பாலைக் குடிக்கவில்லை, பூனைக்கு வைத்துவிட்டாள் என்று தெரிந்ததும் வடிவாம்பாள் அவருக்கு டீ போட்டாள்.

"இனி வீடியோ காரியம் பாக்கலாம் சாரே. லேப்டாப்பும் டிவியும் ஒரே வைஃபைதானே? ம். ஷரி. ஆனா லேப்டாப் இந்த வைஃபையைப் பொது இடம்னு நினைச்சிருக்கு. பஸ் ஸ்டாண்ட் மாதிரி. அதான் டிவியைக் கிட்ட அண்டவிடல்ல. இதை வீடுன்னு மாத்தினா மதி, அவ்வளவுதான்."

மாற்றினார். கேடயம் எழும்பியது. 'உங்கள் கோரிக்கை அனுப்பப்பட்டது. அனுமதிக்காகக் காத்திருக்கிறது.'

"இது என்னடா இது? ஷரி, ஃபயர்வால்ல ஒரு ஓட்டை போட்டுக் குடுக்கேன். வீடியோ மட்டும் அது வழியாப் போய்க்கோட்டும்."

போட்டார். 'உங்கள் கோரிக்கை அனுப்பப்பட்டது.'

"பென் டிரைவ்ல காப்பி பண்ணி டிவியோட முதுகுல குத்திடலாம் சாரே."

குத்தினார். 'உங்கள் கோரிக்கை அனுப்பப்பட்டது.'

"என்றே அம்மச்சி! இந்த சாதனத்தையே எடுத்துத் தூரக் கடாசுதேன்." சாஃப்ட்வேரையே நீக்கப் போனார். 'உங்கள் கோரிக்கை அனுப்பப்பட்டது.'

ஷிபுவுக்கு வேர்த்துவிட்டது. குற்றாலலிங்கமோ பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். தன் காலத்தில் இவ்வளவு கட்டுக்கோப்பான ஒரு ஆபீஸை அவர் கண்டதில்லை.

"சாரே, அட்மின் நீங்க இல்ல. வேற ஆரோ."

"நான் எப்படி இருப்பேன் ஷிபு? ஃபைலை மேல அனுப்பதுதான் நம்ம வேலை. கையெழுத்துப் போடுதது மேலிடம்."

"எந்த மேலிடம்? மகள்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

குற்றாலலிங்கம் இதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. திவ்யாவுக்குப் பக்கத்து வீடென்றால் உயிர். அனந்தலக்ஷ்மியின் மடியில் வளர்ந்தவள். சாம்பசிவன் மாமாவைத் தெரு முன்னால் நிறுத்தி மானத்தை வாங்கத்தான் இந்த ஏற்பாடெல்லாம் என்று தெரிந்தால் அடுத்த ரயிலில் வந்து இறங்கி, அப்பாவின் மானத்தை வாங்கிவிடுவாள்.

கடைசி முயற்சியாக ஷிபு தன் போனால் லேப்டாப் திரையைப் படம் பிடித்தார். அதில் கோடு கோடாக மழை பெய்தது. மழைக்கு நடுவே பௌர்ணமி நிலா மாதிரி குற்றாலலிங்கத்தின் வழுக்கை தெரிந்தது. குப்பை போட்டது யார் என்று கேட்டால் பார்ப்பவர்கள் அந்த நிலாவைத்தான் காட்டுவார்கள்.

"சாரே, ஒண்ணும் தப்பாத் தோணக்கூடாது. எனக்கு இது முடியல்ல" என்று ஷிபு செருப்பை மாட்டினார்.

வெள்ளிக்கிழமை குற்றாலலிங்கம் ஏழாவது கோரிக்கையை எழுத உட்கார்ந்தார். அனுபவம் உள்ளவர் அவர். சாதாரணக் காரணம் நகராவிட்டால், மேலிடத்துக்கு நம்பிக்கை வரும்படி பின்னணியைச் சொல்ல வேண்டும். 'கமிட்டித் தலைவர் திரு. தளவாய் நம் பக்கம் உள்ளார் என்பதையும், வீடியோ திரையில் வந்த மறு நிமிடமே சாம்பசிவனின் மனுவைத் தள்ளுபடி செய்வதாக அவர் வாக்களித்துள்ளார் என்பதையும் ரகசியமாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.' ரகசியமாக என்பதற்குக் கீழே கோடு போட்டார். பக்கத்திலேயே 'நினைவூட்டு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதையும் மூன்று தடவை அமுக்கினார்.

சனிக்கிழமை மாலையில் தளவாயே வந்தார். சாலை பஜாரில் அரிசி மண்டி வைத்திருப்பவர். உட்காரவில்லை.

"லிங்கம் அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா வருத்தப்படக்கூடாது. ஒரு கவர் வெளிய விழுந்ததுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் வேணுமா?"

"நீங்கதானே அன்னிக்கு, 'மனுவைத் தூக்கி எறிஞ்சிருதேன்'னு சொன்னிய?"

"சொன்னேன். இன்னிக்குக் காலையில சாம்பசிவன் சாரு வீட்டுக்கு வந்தாரு. என் பேரனுக்குக் கணக்கு வராது, கேட்டியளா? தினமும் ஒரு மணி நேரம் சொல்லிக் குடுக்கேன்னு அவராவே சொல்லுதாரு. மனுஷன் தங்கம். நாளைக்கு உங்க டிவில முகம் தெளிவாத் தெரியணும் பாத்துக்கிடுங்க. கொஞ்சம் மங்கலா இருந்தாலும் நான் அவரு பக்கம்தான்."

தளவாய் போனபின் குற்றாலலிங்கம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். தளவாய் வாக்குக் கொடுத்தது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். வடிவாம்பாளிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. சுவர் கேட்கவில்லை, வைஃபை கேட்கவில்லை. பின்னே அந்த ஆளுக்கு என்ன, மை போட்டா பார்க்கிறார்?

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் திவ்யா கூப்பிட்டாள். வடிவாம்பாளின் பட்டன் போனுக்குத்தான் வந்தது. அவள் பேசிவிட்டு இவர் கையில் கொடுத்தாள்.

"என்னப்பா, டிவில ஏதோ படம் வரலேன்னு அம்மா சொல்லுதா?"

"அது ஒண்ணுமில்லம்மா. ஒரு பக்திப் படம்."

"கேட்டுப் பாத்தீங்களா? கேட்டா உடனே கிடைக்குமே."

"ஏழு தடவை கேட்டாச்சு."

"ஏழு தடவையா! இன்னுமா குடுக்கல? பாக்காம விட்டிருப்பாங்களா இருக்கும். நான் வேணா ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

"வேண்டாம் வேண்டாம்!" என்றார் அவசரமாக. "சிபாரிசெல்லாம் நமக்கு வேண்டாம். சர்வீஸ்லயே நான் யார் காலையும் பிடிச்சது கிடையாது. முறைப்படி வரும்போது வரட்டும்."

"நீங்க இவ்வளவு பொறுமையா இருப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்லப்பா" என்று மகள் நெகிழ்ந்துபோய் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஐந்து கமிட்டிக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். வடை அடுக்களையில் பொரிந்துகொண்டிருந்தது. எல்லாருக்கும் முன்னால், டிவிக்கு நேர் எதிரே, வெளுத்த வேட்டியும் சந்தனப் பொட்டுமாகச் சாம்பசிவன் உட்கார்ந்திருந்தார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமா உட்காருகிற தோரணை.

"ஆரம்பிக்கலாமா ஓய்? வடை ஆறிடப்போறது."

குற்றாலலிங்கம் லேப்டாப்பை ஸ்டூலில் வைத்தார். வீடியோவைத் தேர்ந்தெடுத்து, டிவியின் பேரைத் தேர்ந்தெடுத்து அமுக்கினார். டிவியில் வெள்ளை வட்டம் வந்தது. எல்லாரும் முன்னால் குனிந்தார்கள். வட்டம் சுற்றியது. ஒரு வடை முடிந்தது. வட்டம் சுற்றியது. இரண்டாவது வடையும் முடிந்தது.

"இவரா குப்பை போட்டாரு?" என்றார் கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்களில் ஒருவர், வட்டத்தைக் காட்டி.

"கருவி கிடைக்கவில்லை" என்று டிவி எழுதியதை முத்தாரம்மாள் உரக்கப் படித்தாள். பெரியாஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள், யாருக்கும் பயப்படாதவள். "லிங்கம் சார், அந்தச் சின்னப் பெட்டியிலேயே காட்டுங்க. பாத்துட்டுப் போவோம்."

லேப்டாப் கைக்குக் கை மாறியது. முத்தாரம்மாள் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள்.

"இது என்ன, பூனையா?"

"மனுஷன்!"

"எனக்கு வேட்டிதான் தெரியுது" என்றார் தளவாய். "வேட்டின்னு பாத்தா நானும்தான் கட்டுதேன். இந்தத் தெருவுல கட்டாதவன் யாரு?"

"மூக்குல மச்சம் பாருங்க, மச்சம்!"

"திரையில ஒட்டின பருப்பு அண்ணாச்சி. வடைப் பருப்பு." தளவாய் நகத்தால் சுரண்டி எடுத்துக் காட்டினார்.

சாம்பசிவன் தொண்டையைச் செருமினார். "லிங்கம், நான் ஒண்ணும் தப்பா நினைக்கலை. மனுஷாள்னா சந்தேகம் வரத்தான் செய்யும். நீர் பெரிய மனசு பண்ணி ஒரு வார்த்தை சொல்லிட்டா போறும். முடிஞ்சுது காரியம்."

எல்லார் கண்ணும் குற்றாலலிங்கத்தின் மேல் நின்றது. அடுக்களை வாசலில் வடிவாம்பாள் கரண்டியோடு நின்றாள். சீரியலில் விஷப் பால் வந்தபோதுகூட அவள் முகம் இப்படி வாடியதில்லை. பெண்டாட்டி முன்னால், தெரு முன்னால், இந்த ஆளை அவர் கும்பிட வேண்டும். கை பாதி தூரம் எழும்பியும்விட்டது.

"ஒரு நிமிஷம்!" என்று அந்தக் கையை லேப்டாப்பின் மேல் இறக்கினார். "அனுமதி பெண்டிங்லதான் இருக்கு. இன்னும் நிராகரிக்கப்படல. கடைசியா ஒரு தடவை கேக்கேன். அஞ்சு நிமிஷம் குடுங்க."

"யார்கிட்ட கேக்கப் போறீர்?" என்றார் சாம்பசிவன்.

"மேலிடத்துல."

சாம்பசிவனின் வலது கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது. அங்கேயே ஒரு கணம் தடவிவிட்டு, இடுப்புப் பக்கமும் தடவினார். சந்தனப் பொட்டுக்குக் கீழே நெற்றி மெல்ல வேர்க்கத் தொடங்கியது.

"நேரமாறது லிங்கம். இன்னொரு நாள் வெச்சுப்போமே. எனக்கு ஒரு முக்கியமான..."

"உக்காருங்க சார்" என்றாள் முத்தாரம்மாள். "நாலாவது வடை வருது."

குற்றாலலிங்கம் எழுதினார். இந்தத் தடவை பொருளும் இல்லை, பார்வையும் இல்லை. 'ஐயா, கமிட்டி என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. என் மானம் தங்கள் கையில்.' அவ்வளவுதான். அனுப்பிவிட்டு, நினைவூட்டு பொத்தானை ஐந்தாறு தடவை அமுக்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு போன் விடாமல் கிணுகிணுத்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லாரும் வெள்ளை வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசல் நிலையில் நிழல் விழுந்தது. அனந்தலக்ஷ்மி உள்ளே வந்தாள். ஈரக் கையை மடிசாரில் துடைத்துக்கொண்டு, போனைத் தூர நீட்டிப் பிடித்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"ஏன்னா, போனை ஆத்துலயே வெச்சுட்டு வந்துட்டேளே, இது நிக்காம அடிச்சிண்டிருக்கு! 'அப்பாவைக் கொஞ்சம் பாத்துக்கோங்கோ மாமா'ன்னு ஓணத்தப்போ திவ்யா உங்க போன்ல போட்டுக் குடுத்துட்டுப் போனாளே, அதுல 'உங்கள் குழந்தை குற்றாலலிங்கம், வயது ஆறு, டிவி பார்க்க அனுமதி கேட்கிறான்'னு எட்டாவது தடவையா வந்திருக்கு, பாவம், இந்த ஒரு தடவை குடுத்துடட்டுமா?"